வானம் பார்த்த கோபுரம்

மண்ணில் புதைக்கக் கூடாது. நெருப்பில் இடக் கூடாது. ஆற்றிலோ கடலிலோ விடக் கூடாது. உடலிலிருந்து கசிவது ஒரு சொட்டும் நிலத்தில் சேரக் கூடாது. ஒரு சுள்ளி விறகும் செலவாகக் கூடாது. செல்வரானாலும் பரம ஏழையானாலும் ஒரே முறைதான். இத்தனைக்கும் பிறகு எலும்பு மட்டும் மிஞ்ச வேண்டும். அதுவும் நாளடைவில் தூளாகிப் போய்விட வேண்டும்.

இந்த நிபந்தனைகளைப் பட்டியல் போட்டு ஒரு கட்டடப் பொறியாளரிடம் கொடுத்தால் தலையைச் சொறிவார். ஜொராஸ்டிரிய சமயத்தார் இதற்கு ஒரு விடை கண்டார்கள். கல்லால் உயர்ந்த வட்டச் சுவர். உள்ளே கூரையில்லாத மேடை. மேடைக்கு மேலே வெறும் வானம். வானத்தில், பிணந்தின்னிக் கழுகு என்று நாம் பொதுவாகச் சொல்லும் பாறுகள். இந்தக் கட்டடத்துக்குத் தக்மா என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் ‘மௌன கோபுரம்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

கல்லை மனிதர்கள் கட்டினார்கள். பாறுகள் தாமாக வந்தன. மும்பையில் இந்த ஏற்பாடு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தடையில்லாமல் நடந்தது. பிறகு, ஒரு தலைமுறைகூட ஆகவில்லை, வானம் காலியாகிவிட்டது. பாறுகளைக் கொன்றது எது என்று தேடிப் போனவர்கள் கோபுரத்தில் எந்தப் பிழையையும் காணவில்லை. அவர்கள் கண்டுபிடித்த குற்றவாளி, நோயுற்ற மாட்டுக்குப் போடும் ஒரு வலி ஊசி.

ஈ உருவில் வரும் தீமை

ஜொராஸ்டிரியர்களின் நம்பிக்கைப்படி உலகத்தைப் படைத்தவர் அகுரா மஸ்தா. நெருப்பு, நீர், மண், செடிகொடி, விலங்கு எல்லாம் அவருடைய நல்ல படைப்புகள். சாவு அவர் படைத்ததன்று. அது அவருடைய எதிரியான அங்ரா மைன்யுவின் வேலை. ஆகவே ஓர் உடலில் உயிர் போனால் அந்த இடத்தில் தீமை ஒரு சிறு வெற்றியை அடைந்துவிட்டது என்று பொருள். இறந்தவர் எவ்வளவு நல்லவரோ அந்த வெற்றி அவ்வளவு பெரிது. அவருடைய உடலைச் சூழும் தீட்டும் அவ்வளவு கடுமை. நம் ஊர்த் தீட்டுக் கணக்குகளுக்குப் பழகியவர்களை இந்தத் தர்க்கம் கொஞ்சம் திகைக்க வைக்கும்.

அவெஸ்தா நூல்தொகுதியில் வெந்திதாத் என்றொரு பகுதி உண்டு. தூய்மை விதிகளின் தொகுப்பு அது. உயிர் பிரிந்ததும் நசு என்ற பிணப்பேய் வடதிசையிலிருந்து பாய்ந்து வந்து உடலைப் பற்றிக்கொள்ளும் என்கிறது அந்த நூல். அந்தப் பேய் எடுக்கும் உருவம் ஈ.

தடய அறிவியல் ஆய்வாளர்கள் இதைப் படித்தால் புன்னகைப்பார்கள். உயிரற்ற உடலை முதலில் கண்டுபிடிப்பவை உலோகப் பச்சையும் நீலமுமாக மினுங்கும் ஈக்கள்தாம். வெயில் காலத்தில், திறந்த வெளியில், சில நிமிடங்களில் வந்துவிடும். கண்ணோரம், மூக்குத் துளை, வாயோரம் என ஈரமுள்ள இடங்களாகப் பார்த்து முட்டையிடும். அதற்கு முன்பே உடலுக்குள் வேறொரு வேலை தொடங்கியிருக்கும். ஆக்சிஜன் நின்றதும் செல்களின் சொந்த நொதிகளே செல்களைக் கரைக்கும். குடலில் இருந்த பாக்டீரியாக்கள் எல்லை தாண்டி இரத்தக் குழாய்கள் வழியே பரவும். அவை வெளியிடும் வாயுவால் வயிறு உப்பும். மும்பை போன்ற புழுக்கமான ஊரில் இரண்டு மூன்று நாளில் இதெல்லாம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும் அளவுக்கு வந்துவிடும்.

வெந்திதாத்தை எழுதியவர்களுக்குக் கிருமி தெரியும் என்று சொல்லிவிட முடியாது. தொற்றுநோயால் இறந்தவர்களை விட்டுவிட்டால், மற்றவர்களின் உடல் அப்படியொன்றும் ஆபத்தானதில்லை என்றுதான் இன்றைய மருத்துவம் சொல்கிறது. ஆனால் அவர்கள் பொருள்களைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். பிணம் பட்ட பாத்திரத்தை என்ன செய்வது என்று ஒரு விதி வருகிறது. பொன் பாத்திரம் என்றால் ஒரு முறை கழுவினால் போதும். வெள்ளி என்றால் இரு முறை. கல் என்றால் ஆறு முறை. மரமும் மண்பாண்டமும் என்றால் எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை, அவை என்றைக்கும் தீட்டுதான். கசிவை உறிஞ்சும் நுண்துளைகள் எந்தப் பொருளில் எவ்வளவு இருக்கின்றன என்பதை வைத்து வரிசைப்படுத்தினாலும் ஏறக்குறைய இதே பட்டியல் கிடைக்கும். இந்திய ஜொராஸ்டிரியர்களான பார்சிகள் இன்றும் உடலை மரப்பாடையில் எடுத்துப் போவதில்லை, இரும்புப் பாடைதான்.

உடலைக் கிடத்தும் இடத்தைப் பற்றியும் விதி உண்டு. நாயும் பறவையும் எளிதில் காணக்கூடிய உயரமான இடம் வேண்டும். காலையும் தலைமுடியையும் உலோகத்தாலோ கல்லாலோ பிணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பறவைகள் எலும்பைத் தூக்கிப் போய் நீரிலோ மரத்தடியிலோ போட்டுவிடும். கசிவு பரவக் கூடாது என்ற ஒரே கவலை இந்த விதிகள் எல்லாவற்றிலும் ஓடுகிறது.

மலையிலிருந்து மதிலுக்கு

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பாரசீகர்களைப் பற்றி எழுதும்போது இந்தச் செய்தியைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். பறவையோ நாயோ இழுத்த பிறகுதான் உடலைப் புதைக்கிறார்களாம். மாகி எனப்படும் பூசாரிகள் இப்படிச் செய்வது உறுதி. மற்றப் பாரசீகர்கள் உடலில் மெழுகு பூசிப் புதைக்கிறார்கள் என்கிறார். அப்போது எல்லாருக்கும் ஒரே வழக்கம் இருக்கவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. பேரரசன் சைரஸின் கல்லறை பசர்கடேயில் கற்படிகளின் மேல் இன்றும் நிற்கிறது. முதலாம் தாரியஸுக்கு நக்ஷ்-இ-ருஸ்தமில் செங்குத்துப் பாறையைக் குடைந்து சமாதி எடுத்தார்கள். அரசர்கள் உடலைப் பறவைக்குக் கொடுக்கவில்லை. ஆனால் மண்ணிலும் வைக்கவில்லை.

சாமானியர்களின் சான்றுகள் மத்திய ஆசியாவில் கிடைக்கின்றன. சமர்கந்து வட்டாரத்துச் சோக்தியர்கள் தசை நீங்கிய எலும்புகளை அழகான வேலைப்பாடுள்ள சுடுமண் பெட்டிகளில் எடுத்து வைத்தார்கள். உஸ்பெகிஸ்தானின் சில்பிக் குன்றின் உச்சியில் வட்ட மதில் ஒன்று இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. தொடக்கத்தில் வெட்டவெளி மலையுச்சியே போதுமானதாக இருந்தது. ஈரானில் இஸ்லாம் பரவி ஜொராஸ்டிரியர்கள் சிறுபான்மை ஆன பிறகு, அந்நியர் கண்ணும் கையும் படாமல் இருக்க உயர்ந்த மதிலும் பூட்டிய கதவும் தேவைப்பட்டன. நாம் இன்று தக்மா என்று அறிந்திருக்கும் வடிவம் இப்படி உறுதிப்பட்டது.

ஈரானிலிருந்து கடல் கடந்து குஜராத் கரையின் சஞ்சானில் இறங்கியவர்களின் வழிவந்தவர்கள்தாம் பார்சிகள். சஞ்சானில் 2000களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் செங்கல்லால் கட்டிய பழைய தக்மா ஒன்று வெளிப்பட்டது. பார்சிகளின் மரபணுவை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அங்கே கிடைத்த எலும்புகளையும் பயன்படுத்திக்கொண்டது. அந்தப் பழைய எலும்புகளின் தாய்வழி மரபுத் தடங்களில் ஏறக்குறையப் பாதி தெற்காசியாவைச் சேர்ந்தவை என்று அது காட்டியது. வந்தவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்திருக்கிறார்கள். எலும்பை மண்ணில் கலக்காமல் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் வழக்கம் இருந்ததால்தான் இந்தச் சான்று நமக்குக் கிடைத்தது.

தாய்நாட்டில் கதை வேறு விதமாகப் போனது. 1854இல் பம்பாயிலிருந்து ஈரானுக்குப் போன மானெக்ஜி லிம்ஜி ஹத்தாரியா, அங்கே வறுமையில் வாடிய தம் மதத்தாருக்காகப் புதிய தக்மாக்களைக் கட்டுவித்தார். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் நகரங்கள் வளர்ந்து கோபுரங்களை நெருங்கின. 1930களில் டெஹ்ரானின் ஜொராஸ்டிரியர்கள் கல்லறைத் தோட்டத்துக்கு மாறினார்கள். குழியைச் சிமென்ட்டால் பூசிவிட்டால் உடல் மண்ணைத் தொடாது என்று சமாதானம் கண்டார்கள். யஸ்த் நகருக்குத் தெற்கே குன்றுகளின் மேல் நிற்கும் இரண்டு கோபுரங்களும் 1970களோடு ஓய்ந்துபோயின. இப்போது அங்கே ஏறுபவர்கள் சுற்றுலாப் பயணிகள்.

மூன்று வளையம், ஒரு கிணறு, நான்கு வடிகால்

மும்பை மலபார் ஹில் இந்தியாவின் மிக விலையுயர்ந்த நிலப்பகுதிகளில் ஒன்று. அங்கே 50 ஏக்கருக்கு மேல் காடாக விட்டுவைத்த ஒரு வளாகம் உண்டு. டூங்கர்வாடி என்பது அதன் பெயர். அங்கே முதல் தக்மாவை 1670களில் மோதி ஹீர்ஜி வாச்சா என்பவர் கட்டுவித்தார். பிறகு மேலும் சில கோபுரங்கள் எழுந்தன.

உள்ளே போகும் உரிமை பிணம் சுமப்பவர்களுக்கு மட்டும்தான். இறந்தவரின் மகனுக்கும் இல்லை, பூசாரிக்கும் இல்லை. இருந்தாலும் அதன் அமைப்பு ரகசியம் கிடையாது. 1890களில் பார்சி அறிஞர் ஜீவன்ஜி ஜம்ஷெத்ஜி மோதி அதை விரிவாக எழுதி வைத்துவிட்டார்.

சுமார் 90 அடி விட்டமுள்ள கல்மேடை. பிரம்மாண்டமான ஒரு தாம்பாளத்தை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லச் சரியும் தாம்பாளம். மேடையில் மூன்று வளையங்களாக ஆழமில்லாத பாத்திகள் வெட்டியிருக்கும். வெளி வளையம் ஆண்களுக்கு, நடு வளையம் பெண்களுக்கு, உள்வளையம் குழந்தைகளுக்கு. வட்டத்தின் சுற்றளவு உள்ளே போகப் போகக் குறைவதால் பாத்திகளும் தாமாகச் சிறியவை ஆகின்றன. ஆக, குழந்தைகளுக்கு உள்வளையம் என்பதில் வடிவியல் கணக்கும் இருக்கிறது. பாத்திகளுக்கு இடையே நடைபாதை. பாத்தியிலிருந்து கசிவதும் மழைநீரும் சிறு வாய்க்கால்களில் இறங்கி மேடையின் நடுவிலுள்ள அகன்ற கிணற்றுக்குப் போகும். அதைப் பண்டார் என்பார்கள்.

வெயிலில் காய்ந்து வெளுத்த எலும்புகளையும் கடைசியில் பண்டாரில்தான் தள்ளுவார்கள். எலும்பின் உறுதிக்குக் காரணம் கால்சியம் பாஸ்பேட். அதற்கு வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருவது கொலாஜன் என்னும் புரதம். கொளுத்தும் வெயில் கொலாஜனைச் சிதைக்கிறது. பருவமழை கனிமத்தைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. எலும்பு உதிர்ந்து தூளாகிறது. கோடீஸ்வரரின் எலும்பும் கூலித் தொழிலாளியின் எலும்பும் அந்தக் கிணற்றில் ஒன்றாகக் கலக்கின்றன. பெயர் பொறித்த கல் எதுவும் கிடையாது.

கிணற்றின் அடியிலிருந்து நான்கு வடிகால்கள் புறப்பட்டுக் கோபுரத்துக்கு வெளியே நிலத்தடியில் நான்கு கிணறுகளுக்குப் போகின்றன. ஒவ்வொரு வடிகாலின் முடிவிலும் மரக்கரியும் மணற்கல்லும் அடைத்திருக்கும். அந்த நான்கு கிணறுகளின் அடியில் மணல். நம் வீட்டுத் தண்ணீர் வடிகட்டியில் இன்று செய்வதும் இதே வேலைதான்: கரியின் எண்ணற்ற நுண்துளைகள் கரிமப் பொருள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மணல் துகள்களைத் தடுக்கும். அவ்வப்போது பழைய கரியை மாற்றிப் புதிதாக இடுவார்கள்.

அடித்தளம் போடும் சடங்கிலும் இதே கவலை உண்டு. 301 ஆணிகளை நிலத்தில் அறைந்து, 101 இழைகளை முறுக்கிய நூலை அவற்றின்மேல் அறுபடாமல் மூன்று சுற்று ஓட்டுவார்கள். எழப்போகும் கட்டடத்தை அக்கம்பக்கத்து மண்ணிலிருந்து சடங்கு முறையில் பிரித்து வைப்பது அந்த நூல். கரிவடிகட்டி வேதியியல் வேலி என்றால், அந்த நூலை நம்பிக்கையின் வேலி என்று சொல்லலாம்.

நாயின் பார்வை

இறந்தவரைக் குளிப்பாட்டி, துவைத்துப் பழகிய வெள்ளை உடையை உடுத்துகிறார்கள். புதுத்துணி கூடாது, மண்ணுக்கும் போகாமல் மனிதருக்கும் உதவாமல் ஒரு துணி வீணாவது பாவம். இடுப்பில் கஸ்தி என்னும் புனித நூலைக் கட்டிவிட்டு உறவினர் விலகிக்கொள்வார்கள். அதன்பின் உடலைத் தொடுபவர்கள் பிணம் சுமக்கும் நசுசாலர்கள் மட்டுமே. கையுறை அணிந்த அவர்கள் உடலைக் கற்பலகையின் மேல் கிடத்துவார்கள். ஓர் இரும்பு ஆணியால் உடலைச் சுற்றி மூன்று முறை கோடு கிழிப்பார்கள். அந்தக் கோட்டுக்குள் யாரும் வரக் கூடாது. பக்கத்தில் சந்தனக் கட்டை இட்ட நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் பூசாரியும் மூன்றடி தள்ளித்தான் உட்காருவார்.

அப்போது ஒரு நாயைக் கூட்டி வருவார்கள். இரு கண்களுக்கு மேலே கண் போலவே இரண்டு புள்ளிகள் உள்ள நாய் என்றால் விசேஷம்; அதை நான்கு கண் நாய் என்பார்கள். நாய் உடலைப் பார்க்க வேண்டும். இதற்குச் சக்தீத் என்று பெயர். நாயின் பார்வை பட்டால் நசு ஓடிவிடும் என்பது நம்பிக்கை. உயிர் உண்மையிலேயே பிரிந்துவிட்டதா என்று சோதிக்க நாயின் மோப்பத்தைப் பயன்படுத்தியிருக்கலாம் என்று சிலர் விளக்கம் தருகிறார்கள். அது கவர்ச்சியான விளக்கம்தான். ஆனால் வெந்திதாத்தில் நாய்க்கு மனிதரை அடுத்த இடம் இருக்கிறது; அதைக் கொன்றால் கடும் தண்டனை. நாயை மருத்துவக் கருவியாக்கிப் பார்ப்பது நம் காலத்தின் ஆசை.

இறுதி ஊர்வலம் பகலில்தான் நடக்க வேண்டும். உடலின் மேல் சூரிய ஒளி பட வேண்டும் என்பது விதி. பூசாரிகள் இருவர் காதாக்கள் என்னும் புனிதப் பாடல்களை ஓதி முடித்ததும் இரும்புப் பாடை கிளம்பும். வெள்ளை உடையில் உறவினர்கள் இரண்டிரண்டு பேராக, ஒரு கைக்குட்டையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டுப் பின்தொடர்வார்கள். தீட்டுள்ள இடத்துக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இணைப்பு. கோபுரத்தின் ஒற்றை இரும்புக் கதவுக்கு முன்னால் கடைசி வணக்கம். நசுசாலர்கள் உள்ளே போய், உடலைப் பாத்தியில் கிடத்தி, உடையைக் கிழித்து அகற்றிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவார்கள். உயிர் மூன்று இரவுகள் இங்கேயே இருக்கும். நான்காம் நாள் விடியலில் மறுமைக்குப் போகும் சின்வத் பாலத்தைக் கடக்கும். அதற்கான பிரார்த்தனைகள் வீட்டிலும் தீக்கோயிலிலும் தொடரும். உடலைப் பொறுத்தவரை மனிதர் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

பாறின் வயிறு

வெண்முதுகுப் பாறு சுமார் 5 கிலோ எடையுள்ள பறவை. இறகை அடிக்காமல், வெயிலில் சூடாகி எழும் காற்றின் மேல் ஏறி மணிக்கணக்கில் மிதக்கும். நம் பக்கத்துப் பாறுகளுக்கு மோப்பம் பெரிதாக உதவுவதில்லை, எல்லாம் கண்தான். உயரத்தில் பரவி மிதக்கும் பாறுகள் நிலத்தைப் பார்ப்பதோடு ஒன்றையொன்றும் பார்த்துக்கொள்ளும். ஒன்று இறங்கினால் அடுத்தது அதை நோக்கித் திரும்பும். அதைப் பார்த்து அதற்கடுத்தது. சிறிது நேரத்தில் பல கிலோமீட்டர் சுற்றளவிலிருந்து ஒரு கூட்டமே கூடிவிடும். மனித உடலின் தசையை நீக்க அந்தக் கூட்டத்துக்கு ஓரிரு மணி நேரம் போதும். அழுகல் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும் முன்பே வேலை முடிந்துவிடும். நசு நீடித்துத் தங்க நேரமே கிடைக்காது.

தலையிலும் கழுத்திலும் இறகு குறைவாக இருப்பதால் உள்ளே நுழைத்து உண்ணும்போது ஊன் ஒட்டிக்கொண்டு அழுகுவதில்லை. இரைப்பை அமிலத்தின் pH அளவு 1 வரை இறங்கும். நம் இரைப்பையைவிடக் கடுமை. ஆந்த்ராக்ஸ் போன்ற நோய்க்கிருமிகள் பல அங்கேயே மடிந்துபோகும். நோயுற்று இறந்த மாட்டைத் தின்றும் பாறு நலமாக இருப்பதன் காரணம் இதுதான். நோயின் சங்கிலி அதன் வயிற்றில் அறுகிறது.

1980களில் வெண்முதுகுப் பாறு உலகிலேயே மிக அதிகமாக இருந்த பெரிய கழுகினங்களில் ஒன்று. மாட்டை உண்ணாமல் இறக்கவிடும் வழக்கம் பரவலாக உள்ள நாட்டில் அதற்கு உணவுப் பஞ்சம் கிடையாது. பார்சிகள் தங்களுக்கென்று பாறுகளை வளர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நாடு முழுவதும் இறந்த மாடுகள் அந்தப் பறவைகளை வாழவைத்தன; அவற்றில் சில டூங்கர்வாடிக்கு வந்துபோயின.

மாட்டுக்குப் போட்ட ஊசி

1990களில் ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பாறுகள் கிளையில் கழுத்தைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருப்பதையும், பிறகு செத்து விழுவதையும் பறவையியலாளர் விபு பிரகாஷ் கவனித்தார். விரைவிலேயே அதே செய்தி எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு அழிந்தன. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. கருங்கழுத்துப் பாறும் மெல்லலகுப் பாறும் சேர்ந்து ஏறக்குறைய 97 விழுக்காடு குறைந்தன.

ஏதோ வைரஸ் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். பூச்சிக்கொல்லி, கன உலோகம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தும் விடை கிடைக்கவில்லை. பாகிஸ்தானில் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸின் குழு ஒரு தடயத்தைப் பிடித்துக்கொண்டது. ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெண்படலம் இருந்தது. அது யூரிக் அமிலப் படிகம். பறவைகள் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் நின்றுபோனால் அது உடலுக்குள்ளேயே படிந்துவிடும். சிறுநீரகத்தை நிறுத்தியது எது? அந்த வட்டாரத்து மாடுகளுக்குப் புதிதாகக் கொடுக்கத் தொடங்கிய மருந்துகளைப் பார்த்தபோது ஒரு பெயர் முன்னால் வந்தது: டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்கு நாமும் சாப்பிடும் அதே மருந்து. 1990களில் மலிவாகி, கால்நடை மருத்துவத்துக்கும் வந்து சேர்ந்தது. அந்த மருந்து கொடுத்த எருமையின் இறைச்சியைப் பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே வெண்படலம், அதே சாவு. ஆய்வு 2004இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

எத்தனை மாட்டுச் சடலங்களில் மருந்து இருந்தால் இவ்வளவு பெரிய அழிவு நேரும்? கணக்கிட்டவர்களுக்குக் கிடைத்த விடை, நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பாறுகள் கூட்டமாக உண்பவை. மருந்துள்ள ஒரு சடலம் பல பறவைகளைக் கொல்லும். ஒரு பறவை ஆண்டு முழுவதும் எத்தனையோ சடலங்களில் வாய் வைக்கும்; அதில் ஒன்று தப்பானால் போதும். இனப்பெருக்கமோ மிக மந்தம். ஆண்டுக்கு ஒரே முட்டை, குஞ்சு வளர்ந்து இணைசேர ஏறக்குறைய ஐந்து ஆண்டு. இழப்பை ஈடுகட்ட அந்த வேகம் எப்படிப் போதும்?

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தருவதை இந்தியா 2006இல் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்துவது தொடர்ந்ததால், 2015இல் குப்பியின் அளவை 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள். மருந்து நிறுவனங்கள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. பாறுகளுக்குத் தீங்கான அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரொஃபென் ஆகியவற்றுக்கு 2023இல் தடை வந்தது. மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்று மருந்து முன்பே இருக்கிறது.

பாறுகள் போனதன் விலையைப் பார்சிகள் மட்டும் கொடுக்கவில்லை. தின்னப்படாத சடலங்கள் குவிந்து, தெருநாய்கள் பெருகி, நீர்நிலைகள் கெட்டன. இதனால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 இலட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற பொருளியலாளர்கள் 2024இல் வெளியான ஆய்வில் மதிப்பிட்டார்கள்.

தகடு, வலை, மின்மயானம்

டூங்கர்வாடியில் காகமும் பருந்தும் மிஞ்சின. அவற்றால் ஒரு பாறுக் கூட்டத்தின் வேலையைச் செய்ய முடியாது. பார்சிப் பஞ்சாயத்து சூரிய ஒளியைக் குவித்து உடலின் மேல் செலுத்தும் தகடுகளைப் பொருத்தியது. உடல் சூட்டில் உலர்ந்து சுருங்கும். கோடையில் இது ஓரளவு வேலை செய்கிறது. மழைக்காலத்தில், மேகம் மூடிய வாரக்கணக்கான நாள்களில், தகடுக்கு வேலையில்லை. அழுகல் வேகமாக நடக்கும் பருவமும் அதுவே. சூரியன் உடலைப் பார்க்க வேண்டும் என்ற விதி இதில் நிறைவேறுகிறது என்கிறார்கள் ஆதரவாளர்கள். குவித்த வெப்பத்தில் உடலை வாட்டுவது எரிப்பதற்குச் சமம் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். 2006இல் கோபுரத்துக்குள் எடுத்த படங்கள் வெளியானபோது, உடல்கள் நாள்கணக்கில் அப்படியே கிடப்பதைப் பார்த்துச் சமூகமே அதிர்ந்தது.

தகனத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்காக 2015இல் வர்லி மயானத்தில் ஒரு பிரார்த்தனைக் கூடம் திறந்தார்கள். 2022இல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியின் உடலும், 2024 அக்டோபரில் ரத்தன் டாடாவின் உடலும் வர்லியில்தான் தகனமாயின. தக்மா இல்லாத ஊர்களில் ஆராம்கா எனப்படும் இடுகாட்டில் புதைப்பது நெடுநாள் வழக்கம். சென்னை இராயபுரத்தில் தீக்கோயிலைக் கட்டிக் காத்துவரும் சிறு பார்சிச் சமூகமும் தன் இறந்தவர்களைப் புதைத்தே வருகிறது.

கொரோனா காலத்தில் நோயால் இறந்தவர்களைப் புதைக்கவோ எரிக்கவோ மட்டுமே அரசு அனுமதித்தது. சூரத் பார்சிப் பஞ்சாயத்து நீதிமன்றம் போனது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தனியாக ஒதுக்கிய தக்மாவில் உடலை வைக்கலாம். ஆனால் பறவைகள் நெருங்காதபடி மேலே வலை போட வேண்டும். பறவைக்காகவே திறந்துவைத்த மேடையில் பறவையைத் தடுக்க ஒரு வலை. அதையும் சமூகம் ஏற்றுக்கொண்டது. அதைவிட்டால் வேறு வழியும் இருக்கவில்லை.

இன்னொரு திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. டூங்கர்வாடியிலேயே பெரிய கூண்டு அமைத்துப் பாறுகளை வளர்ப்பது. அரியானாவின் பிஞ்சோரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கூண்டில் பாறுகளை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. ஆக, அது முடியாத காரியமில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கடைசி நாள்களில் மருத்துவமனையில் படுத்திருந்த முதியவருக்கு என்ன வலிமருந்து கொடுத்தார்கள்? அது டைக்ளோஃபெனாக் என்றால், அவருடைய உடலே பறவைக்கு நஞ்சு. இந்தத் திட்டம் நடக்க வேண்டுமானால் ஒவ்வொரு குடும்பமும், ஒவ்வொரு மருத்துவரும் அந்த மருந்தைக் கொடுக்கவில்லை என்று உறுதி சொல்ல வேண்டும்.

வெந்திதாத்தின் விதிகளும், மூன்று வளையமும், கரியடைத்த வடிகாலும், இரும்புப் பாடையும், கைக்குட்டையும் எல்லாம் பிணத்திலிருந்து வெளியே வருவதைத் தடுப்பதற்காக ஏற்பட்டவை. அந்த வேலையை அவை இன்றும் ஒழுங்காகவே செய்கின்றன. உயிரோடிருக்கும் உடலுக்குள் ஊசி வழியே போவதைப் பற்றி விதி எழுத வேண்டிய தேவை அந்தக் காலத்தில் யாருக்கும் ஏற்படவில்லை. பறவையை நம்பிய ஏற்பாட்டில் தூய்மையின் எல்லைக்கோடு இப்போது கோபுரத்தின் வடிகாலிலிருந்து மருத்துவரின் மருந்துச் சீட்டுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் நகர்ந்துவிட்டது.

அந்தக் கோட்டைக் காப்பது பார்சிகளால் மட்டும் ஆகிற காரியமில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் அவர்கள் 57,264 பேர். நீலகிரி அடிவாரத்து மாயாற்றின் கரையில், நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. சுற்றுவட்டாரக் கால்நடை மருந்துக் கடைகள் எந்தக் குப்பியை விற்கின்றன என்பதுதான் அவை பெருகுமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆண்டுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில், எல்லாம் சரியாக நடந்தாலும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். இன்று வயதான ஒரு பார்சி தம் உடலை என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கும்போது அந்தப் பறவைகளைக் கணக்கில் எடுக்க முடியாது. அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வு திரும்பக் கிடைக்குமா என்பது நம் ஊர் மாட்டுக்கு நாளைக்குப் போடப்போகும் ஊசியைப் பொறுத்தது.